கனமான வாசிப்பும் நேரடி இசையும்: ஒரு சனி, ஞாயிறை நாற்பது பேருக்கு ஏற்பாடு செய்வது எப்படி

நாற்பது பேர், ஒரு சிறு கூடம், சனிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சாவு, பிரிவு, பசி, போர் என்று மனதைப் பிசையும் எழுத்தை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்கிறார்கள். அதையடுத்து நேரடி இசை. இந்த அளவுக்கான கணக்குதான் கீழே உள்ளது. ஆறு வாரம் முன்னால் தொடங்குங்கள். முதலில் தேதி, பிறகு இடம், பிறகு பிரதிகள் (வாசிக்கப்போகும் எழுத்துகள்), அதற்கும் பிறகுதான் கலைஞர்கள். பாடகரை முதலில் பேசி முடித்துவிட்டு அவருடைய கச்சேரிக்கு ஏற்ற வாசிப்பைத் தேடுபவர்கள் பலர். அப்படிச் செய்தால் வாசிப்பு கச்சேரிக்கு முந்தைய வரவேற்புரை போல ஆகிவிடும்.

1. ஊர் ஓசையைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

நாட்காட்டியில் முகூர்த்த நாட்களை முதலில் அடித்துவிடுங்கள். அன்று மண்டபம் கிடைக்காது. கிடைத்தாலும் அடுத்த தெருவில் பேண்டு வாத்தியம் போகும். ஆடியில் முகூர்த்தம் இல்லையே என்று அதைப் பிடிப்பவர்கள் உண்டு. ஆடி ஞாயிற்றுக்கிழமைதான் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவார்கள், காலையிலேயே குழாய் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். மார்கழியில் விடிகாலை ஒலிபெருக்கி ஒரு பக்கம். சென்னை இசை சீசனில் கலைஞர்கள் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். நவராத்திரியும் அப்படித்தான்.

தேதி குறித்த பின் அக்கம்பக்கத்தில் கோவில், பள்ளி, கட்சிக் கூட்டம் ஏதாவது இருக்கிறதா என்று நேரில் போய் விசாரியுங்கள். தொலைபேசியில் மண்டபக்காரரைக் கேட்டால் “ஒண்ணும் இல்லைங்க” என்றுதான் சொல்வார்.

2. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள்

நாற்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார, ஓரமாகப் பத்து நாற்காலி போட, 12 அடிக்கு 8 அடி மேடை வைக்க, சுமார் 600 சதுர அடி போதும். இருநூறு பேர் கொள்ளும் மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். காலி நாற்காலிகள் வாசிப்பவரின் குரலைத் தின்றுவிடும்.

கைதட்டிய ஓசை உடனே அடங்கினால் நல்லது. “டப்ப்ப்” என்று சுவருக்குச் சுவர் ஓடினால், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்து எழுத்தைக் குழப்பும். தமிழில் சொல்லின் கடைசியில்தான் வேற்றுமையும் ஆண்பால், பெண்பால் குறிப்பும் எதிர்மறையும் உட்கார்ந்திருக்கின்றன. எதிரொலியில் முதலில் அழிவது அந்தக் கடைசி அசை. “வந்தான்”, “வந்தாள்” வித்தியாசம் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. தரை முழுக்க ஜமக்காளம் விரித்து, வாசிப்பவருக்கு எதிரே உள்ள பின்சுவரில் கனமான திரையோ இரட்டையாக மடித்த போர்வையோ தொங்கவிட்டால் பெருமளவு சரியாகும். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் அடங்கும்.

மின்விசிறியையும் அப்போதே பாருங்கள். பழைய விசிறியின் “கிறீச்” பகலில் கேட்காது, மௌனத்தில் கேட்கும். அதன் காற்று நேராக மேடைமேல் விழுந்தால் தாளும் பறக்கும், மைக்கிலும் உறுமும்.

3. இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேர வாசிப்பு

கனமான எழுத்தைத் தொடர்ந்து கேட்கும் திறன் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனால் கேட்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார்கள்: செல்பேசியை எடுப்பார்கள், பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சலிப்பு என்று அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

நிதானமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்கள்தான் போகும். இருபது நிமிடத்துக்கு 1,700 சொல் என்று வையுங்கள். வழக்கமான ஒரு சிறுகதை அரை மணி நேரத்தைத் தாண்டும். ஆகவே முழுக்கதை என்றால் சிறிய கதையாகத் தேடுங்கள். நாவல் என்றால் தனியாக நிற்கக்கூடிய ஒரு அத்தியாயம். “இதற்கு முன்னால் என்ன நடந்ததென்றால்” என்று ஐந்து நிமிடம் விளக்க வேண்டிய பகுதி இங்கே பயன்படாது. மூன்று வாக்கியத்தில் முன்கதை சொல்ல முடிய வேண்டும்.

நீளத்துக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லை. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, ஐந்தே வரி. மூலத்தை ஒருமுறை, உரைநடையில் ஒருமுறை, திரும்ப மூலத்தை ஒருமுறை வாசித்தால் இரண்டு நிமிடம். அதற்குப் பின் ஒரு சிறுகதையை உடனே தொடங்கினால் இரண்டுமே வீணாகும்.

எல்லாப் பிரதியும் ஒரே துக்கமாக இருக்கக் கூடாது. ஐந்து பிரதி வைத்தால் ஒன்றாவது சிரிப்பை உள்ளே வைத்திருக்கட்டும். அடித்துக்கொண்டே இருந்தால் மரத்துப்போகும்.

அனுமதி: இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. வெளிவந்த நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொதுவில் வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. முழுக்கதை, கட்டண நுழைவு, ஒளிப்பதிவு, யூடியூப் என்று போனால் எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் கேட்டுவிடுங்கள். வரிகளை நீக்கிச் சுருக்குவதாக இருந்தால் அதையும் சொல்லிக் கேட்பதுதான் மரியாதை.

4. அதிகக் கனமானதைக் கடைசியில் வைக்காதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. உச்சம் ஞாயிறு இறுதியில் வர வேண்டும் என்று நாடகக் கணக்குப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் கேட்டவர் அதைச் சுமந்துகொண்டு தனியாகப் பேருந்து ஏறுவார். சனி இரவு ஏழு மணிக்கு வையுங்கள். அதன்பின் இசை இருக்கிறது, சேர்ந்து சாப்பிடும் நேரம் இருக்கிறது, ஓர் இரவு இருக்கிறது, மறுநாள் காலையில் அதே முகங்களைப் பார்க்கலாம் என்பதும் இருக்கிறது.

சனி: மாலை 5.00க்கு இருபது நிமிட இசை. தாமதமாக வருபவர்களை இது உள்வாங்கிக்கொள்ளும். வாசிப்பு நடுவே செருப்புச் சத்தம் வராது. 5.25க்குப் பதினைந்து நிமிட வாசிப்பு, 5.45க்குப் பன்னிரண்டு நிமிட வாசிப்பு, 6.00க்கு இசை. 6.25 முதல் 6.55 வரை காபி. 7.00க்கு அந்த மிகக் கனமான இருபத்தைந்து நிமிடப் பிரதி. மூன்று நிமிட மௌனம். 8.00 வரை இசை. பிறகு சாப்பாடு.

ஞாயிறு: காலை 7.00க்கு வீணை போன்ற தனி வாத்தியம் அரை மணி, 7.35க்குக் கடிதமோ நாட்குறிப்போ பதினைந்து நிமிடம், 8.00க்குச் சிற்றுண்டி. 9.15க்குப் பங்கேற்பாளர் வாசிப்பு. 10.15க்குக் கடைசிப் பிரதி இருபது நிமிடம், 10.40 முதல் 12.00க்குச் சற்று முன்வரை முழுக் கச்சேரி. மதியச் சாப்பாட்டோடு எல்லோரும் வெயிலிலேயே வீடு திரும்பலாம். பங்கேற்பாளர் பகுதியைத் தவிர்த்து வாசிப்பு மொத்தம் 87 நிமிடம்.

தற்கொலை, குழந்தைச் சாவு, சாதி வன்முறை, போர்க்கொலை வரும் பிரதி என்றால் தொடங்கும் முன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். எழுந்து போக விரும்புபவர்கள் போகட்டும். கதவோரம் இரண்டு நாற்காலி அதற்காகவே காலியாக இருக்கட்டும். அரசின் மனநல உதவி எண் 14416ஐ வாசலில் ஒட்டி வைப்பதில் தவறில்லை.

5. கலைஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை கட்டை?

கட்டை என்பது பாடும் சுருதியின் அளவு. பெண் பாடகர்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண்கள் ஒன்று, ஒன்றரை. வயலினைப் பாடகரின் சுருதிக்குக் கூட்டிக்கொள்ளலாம். மிருதங்கம் அப்படியல்ல. வார்களைத் தட்டி அரைக்கட்டை அளவுக்கு ஏற்றி இறக்கலாமே தவிர, ஒரு கட்டை மிருதங்கத்தை ஐந்து கட்டைக்குக் கொண்டுவர முடியாது. சனிக்கு ஆண் பாடகர், ஞாயிறுக்குப் பெண் பாடகர், பக்கவாத்தியம் ஒன்றே என்றால், மிருதங்கக்காரர் இரண்டு வாத்தியம் கொண்டுவர வேண்டும். கடைசி நாளில் சொன்னால் ரயிலில் எப்படிக் கொண்டுவருவார்? வீணையைப் பாடகர் சுருதிக்கு மாற்றச் சொல்லவே வேண்டாம். அதற்கென்று ஒரு சுருதி உண்டு, அதிலேயே தனியாக வாசிக்கட்டும்.

நாதஸ்வரம் வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். திறந்தவெளிக்கான வாத்தியம் அது. 600 சதுர அடியில் தவிலோடு சேர்ந்தால் அடுத்த வாசிப்பு தொடங்கும்போதும் காதில் இரைச்சல் இருக்கும். முற்றமோ தோட்டமோ இருந்தால் ஞாயிறு காலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பாரி பாடுபவர்களை அழைப்பதாக இருந்தால் வீட்டில் வேண்டாம், பொதுக் கூடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் ஒப்பாரி கேட்கக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் ஏராளம், பாடுபவர்களே தயங்குவார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் “ஐட்டம்” போலச் செருகுவதும் அவமானம். அவர்களுக்கென்று ஒரு முழுப் பகுதி கொடுங்கள்.

பிரதிகளை மூன்று வாரம் முன்பே கலைஞர்களுக்கு அனுப்புங்கள். ராகத்தை நீங்கள் சொல்லாதீர்கள். துக்கக் கதை என்றால் முகாரி என்று எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முகாரியில் அழுகையே இல்லாத உருப்படிகள் எத்தனையோ உண்டு. ஆகிரி ராகம் பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று நம்பும் வித்வான்களும் இன்னும் உண்டு, அவர்களோடு வாதாட வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கனமான வாசிப்புக்குப் பின் சாகித்தியத்தில் (பாட்டின் சொற்களில்) தொடங்காமல், சொல்லில்லாத நிதானமான ராக ஆலாபனையில் தொடங்க முடியுமா? அவ்வளவு சொற்களைக் கேட்டு முடித்த காது உடனே இன்னும் சொற்களை வாங்காது. சாதிக் கொடுமை பற்றிய பிரதிக்கு அடுத்து எந்தக் கீர்த்தனை வருகிறது என்பதையும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். பக்திச் சாகித்தியம் சில இடங்களில் ஆறுதலாகும், சில இடங்களில் எரிச்சலாகும்.

சனி இரவுப் பகுதியில் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) இல்லை என்பதை மிருதங்கக்காரரிடம் நேரடியாக, முன்கூட்டியே சொல்லுங்கள். பாடகர் வழியாகச் சொல்லியனுப்பாதீர்கள். ஞாயிறு கச்சேரியில் பத்து நிமிடத் தனி அவருக்கு உண்டு என்பதையும் அதே அழைப்பில் சொல்லுங்கள்.

6. வாசிப்பின் அடியில் இசை ஓடக் கூடாது

“மெலிசா வயலின் போகட்டும்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தால் கேட்பவர் எழுத்தை விட்டுவிட்டு இசையைப் பிடித்துக்கொள்வார். எங்கே அழ வேண்டும் என்று வயலின் சொல்லிக் கொடுக்கும். எழுத்து தானாகச் செய்ய வேண்டிய வேலை அது.

தம்புரா மட்டும் ஓடினாலும் சிக்கல்தான். வாசிப்பவரின் குரல் தன்னையறியாமல் தம்புராவின் அடிப்படை ஸ்வரமான ஷட்ஜத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு வாக்கியமும் ஒரே இடத்தில் இறங்கும், நான்காவது நிமிடத்தில் அது பாராயணமாக மாறியிருக்கும். சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு வாசியுங்கள். மௌனம் முடிந்ததும் தம்புரா எழுவதுதான் இசை தொடங்குவதற்கான சைகை. மேடையில் யாரும் அறிவிக்க வேண்டியதில்லை.

7. தாளும் ஒத்திகையும்

செல்பேசியிலிருந்து வாசிக்கக் கூடாது; துக்கத்தின் நடுவில் வங்கிக் குறுஞ்செய்தி வரும். ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், 16 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி. வாக்கியம் பக்கக் கடைசியில் உடையாமல் அமையுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், படித்த தாளை ஓசையில்லாமல் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பக்க எண் பெரிதாக இருக்கட்டும், கலைந்தால் அதுதான் காப்பாற்றும். ஜெராக்ஸ் கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டு போனால் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரலாம். பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டு போங்கள்.

ஒத்திகை குறைந்தது மூன்று. முதலாவது கடிகாரத்தோடு: நேரத்தைத் தாண்டினால் வெட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். “என்றான்”, “என்றாள்” பலவற்றை நீக்கினாலே ஒரு நிமிடம் மிச்சமாகும். இரண்டாவது, வாசிப்பவருக்கே குரல் உடையும் இடத்தைக் கண்டுபிடிக்க. அந்தப் பத்தியை மட்டும் பத்துமுறை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். அழுகை முழுதாகப் போகாது, ஆனால் எங்கே வரும் என்று தெரிந்திருக்கும். மேடையில் வந்துவிட்டால் செய்ய வேண்டியது: நிறுத்து, தாளைப் பார், வெந்நீர் ஒரு மிடறு, அதே வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி. மன்னிப்புக் கேட்கக் கூடாது. மூன்றாவது ஒத்திகை கூடத்திலேயே, பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து கேட்க.

வட்டார வழக்கில் எழுதிய கதையை அந்த வட்டாரத்தவர் வாசிப்பதே நல்லது. கரிசல் பேச்சையோ யாழ்ப்பாணப் பேச்சையோ வெளியூர்க்காரர் “நடித்து”க் காட்டினால் முன்வரிசை சிரிக்கும், கதை அங்கேயே செத்துப்போகும். ஆள் கிடைக்காவிட்டால் எழுதியிருப்பதைத் தன் இயல்பான உச்சரிப்பில் நேராக வாசிக்கட்டும்.

8. மைக்செட்காரரிடம் முதல் வார்த்தை: எக்கோ வேண்டாம்

நல்ல கூடமாக இருந்தால் நாற்பது பேருக்கு வாசிப்புக்கு மைக் தேவையில்லை. குரல் மெலிந்தவராக இருந்தால் வையுங்கள். நம்மூர் மைக்செட்டில் எக்கோவைத் திருகி வைப்பது ஒரு பழக்கம். அரசியல் கூட்டத்துக்குப் பொருந்தும், கதைக்கு விஷம். வாசிப்புக்கு முழுதாக அணைத்து, பாட்டுக்கு மிகக் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள்.

வாசிப்பவரின் வாயிலிருந்து ஆறு அங்குலம், நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். நேராக இருந்தால் ஒவ்வொரு “ப”வும் பொட்டென்று வெடிக்கும். பாடகருக்கு எட்டு முதல் பத்து அங்குலம். வயலினுக்கு மேலிருந்து ஓரடி. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு (வலப்பக்க முகம்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்க முகம்) ஒன்று. தொப்பி மைக் சற்றுத் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் தொப்பியின் ஆழமான கும்கி ஓசை எல்லாவற்றையும் விழுங்கும். ஒலிபெருக்கிகள் மைக் வரிசைக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் வைத்துவிட்டு “ஊய்ங்” என்று கத்துகிறதே என்று குமிழைத் திருகிப் பயனில்லை.

வாசிப்பு மைக்கும் கச்சேரி மைக்கும் தனித்தனியாக, இருவேறு இடத்தில். ஒரே மைக்கை ஏற்றி இறக்கும் ஓசை மௌனத்தை உடைக்கும். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் எழும் வரை தாங்க மிக்சருக்கு ஒரு யுபிஎஸ் போடுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி என்றால் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கூடாது.

9. மௌனத்துக்கென்று ஒரு பொறுப்பாளர்

வாசித்து முடித்ததும் கைதட்டல் வரும். அதைத் தடுக்க வேண்டும் என்றால் சனி மாலை தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்: “வாசிப்புக்குக் கைதட்ட வேண்டாம், பாட்டுக்குத் தட்டுங்கள்.” வாசிப்பவர் கடைசி வாக்கியத்துக்குப் பின் தாளை மடிக்காமல், எழாமல், தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் அசைந்தால் கூடம் அசையும்.

மூன்று நிமிடம் என்று தாளில் எழுதும்போது சிறிதாகத் தெரிகிறது. மேடையில் நாற்பது நொடியிலேயே யாராவது ஏதாவது செய்யத் துடிப்பார்கள். ஆகவே கடிகாரம் வைத்திருக்கும் ஒருவர், தம்புரா பக்கத்தில் இருப்பவருக்குக் கண்ஜாடை காட்டுபவர், தேவை. அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். மிருதங்கத்தின் தொப்பிக்கு ரவை ஒட்டுவது, சுருதி கூட்டுவது எல்லாம் காபி இடைவேளையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

10. பங்கேற்பாளர் வாசிப்பு: எட்டுப் பேர், தலா ஐந்து நிமிடம்

பெயரைச் சனி இரவே எழுதி வாங்குங்கள். கேட்டதை நினைத்துப் படுத்தவர்கள் காலையில் தங்கள் வீட்டுக் கடிதத்தையோ பிடித்த கவிதையையோ கொண்டுவருவார்கள். ஐந்து நிமிடம் என்றால் ஒன்றரைத் தாள், அதற்கு மேல் இல்லை என்று சொல்லுங்கள். யாராவது உடைந்து அழுதால் பக்கத்தில் உட்கார ஒருவரை முன்பே பேசி வையுங்கள். விவாதம், விமர்சனம் வேண்டாம். ஒருவர் தன் அப்பாவின் சாவை வாசித்து முடித்த கையோடு இன்னொருவர் நடையைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்கியதும் அந்தக் காலை முடிந்துவிடும்.

11. சாப்பாடு

மேடைக்குக் கேட்கும் தூரத்தில் அடுக்களை இருக்கக் கூடாது. தாளிக்கும் வாசனையும் மிக்சி ஓசையும் மிக உருக்கமான பக்கத்தையும் வென்றுவிடும். காபியை இடைவேளையில் மட்டும் கொடுங்கள். எவர்சில்வர் டம்ளரைக் கூடத்துக்குள் விடாதீர்கள், விழுந்தால் உருண்டுகொண்டே இருக்கும். பாடுபவர்களுக்கு நிகழ்ச்சிக்கு முன் எண்ணெய்ப் பலகாரம் நீட்டாமல், வெந்நீரும் இட்லியும் தனியாக வையுங்கள். சனி இரவு தயிர்சாதம், ஊறுகாய், ஒரு கூட்டு போதும்.

12. பொன்னாடை, உறை, முடிப்பு

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் கட்டாயம் என்று குழுவில் ஒருவர் அடம்பிடிப்பார். சனி மாலை 5 மணிக்கு முன் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு, பிரதி முடிந்து பாட்டும் முடிந்த இடத்தில் ஒருவர் சால்வையோடு மேடை ஏறுவது இந்தக் கூடுகைக்கு நேரும் மிகப் பெரிய விபத்து.

கலைஞர்களுக்கான தொகை, பயணச் செலவு இரண்டையும் தனித்தனி உறையில், மேல் பெயர் எழுதி, மேடை ஏறும் முன்பே கொடுத்துவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் உறையை அவரவர் கையில் கொடுக்க வேண்டும், மொத்தமாகப் பாடகரிடம் கொடுக்காதீர்கள். வாசிப்பவர்களுக்கும் உறை உண்டு. ஒத்திகை பார்த்தவர்கள் அவர்களும்தான்.

நன்றியுரையைத் தாளில் அச்சிட்டு மதியச் சாப்பாட்டுப் பந்தியில் வைத்துவிடலாம். மங்களம் முடிந்ததும் மைக்செட்காரர் பழக்க தோஷத்தில் சினிமாப் பாட்டைப் போடுவார். அதை அவரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள்.